அஜெண்டா வருவதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டம் பற்றி உங்கள் மாவட்டப் பக்கத்தில் போன வாரம் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. சில கவுன்சிலர்கள் வெளிநடப்பு செய்தார்கள், பிறகு எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறின, அவ்வளவுதான். என்ன தீர்மானம், எவ்வளவு பணம், எதற்காக எழுந்து போனார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நானும் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர் ஒருவர் மன்றப் பொருள்களை வாசித்தார். முதல் இரண்டு மூன்றை முழுதாக வாசித்துவிட்டு, அப்புறம் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போனார். பின் வரிசையிலிருந்து "ஆல் பாஸ்" என்று ஒரு குரல், உடனே மேஜையைத் தட்டினார்கள். நடுவில் ஒரு பெண் கவுன்சிலர் எழுந்து, "என் வார்டில் சிறுபாலம் கட்டியதற்கு இன்றைக்குத் தொகை வைத்திருக்கிறீர்கள், எங்கே கட்டலாம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லையே, தண்ணீர் தேங்குவது அந்த முனையில் இல்லை, பள்ளிக்கூடத்துப் பக்கம்" என்றார். "மேடம், அது தலைவர் முன் அனுமதி கொடுத்து முடிந்துபோன வேலை, இன்றைக்கு மன்றத்தின் பின்னேற்பு மட்டும்தான்" என்று பதில் வந்தது. அவர் கையிலிருந்த தாளைத் திரும்ப ஒருமுறை புரட்டிப் பார்த்தார், அதற்குள் அடுத்த எண் போய்விட்டது.

மன்றத்தைக் கேட்காமல் தலைவரே முதலில் அனுமதி கொடுத்து வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தில் ஒப்புதல் வாங்குகிற இந்த முன் அனுமதி என்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் சுற்றுவட்டாரம் மூழ்கினபோது, ஜேசிபி வாடகைக்கும் மணல் மூட்டைக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் மன்றத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. மோட்டார் எரிந்து குடிநீர் நின்றால் அன்றைக்கே காயில் கட்டியாக வேண்டும். ஆனால் சிறுபாலம் அப்படி ஓர் இரவில் முளைப்பதில்லை. அளவெடுத்து, மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, கான்கிரீட் கொட்டி, அது காய்ந்து, இத்தனையும் நடக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை அந்த வார்டு உறுப்பினரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டச் சொல்ல முடியாதா? ஆபத்துக்கென்று வைத்த வழியை அன்றாட வழியாக்கிவிட்டார்கள், மன்றம் கையெழுத்துப் போடும் இடமாகிவிட்டது.

இந்த மன்றம் எவ்வளவு காத்திருப்புக்குப் பிறகு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில்தான் ஊர் இருந்தது. 2022 பிப்ரவரி 19-ல் வாக்களித்தோம், மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். பக்கத்தில் புதுச்சேரியில் 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தின தேர்தல் 1968-ல், 2006-ல் வந்தவர்களின் காலமும் 2011-ல் முடிந்துபோனது. அங்கே உள்ள என் உறவினர், "உங்களுக்குத் திட்டுவதற்காவது ஒரு கவுன்சிலர் இருக்கிறார்" என்பார். சரி, இருக்கிறார். ஆனால் அவருக்கே தன் வார்டில் என்ன நடக்கிறது என்று அஜெண்டா பார்த்துத்தான் தெரிகிறது என்றால், அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

பெண் உறுப்பினர்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது, நல்ல சட்டம், முழு மனதோடு வரவேற்றவன் நான். எங்கள் ஊரில் வேலை கேட்டுப் போனால் பல வார்டுகளில் கவுன்சிலரின் வீட்டுக்காரரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. எல்லோரும் அதை அந்தக் குடும்பத்தின் குறையாகப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக் காரணம் அலுவலகத்தில் இருக்கிறது. எஸ்டிமேட் பற்றியோ ஒப்பந்ததாரர் பற்றியோ போன் போவது வீட்டுக்காரருக்கு, அஜெண்டாவை வாங்கிக்கொள்வதும் அவர்தான், கூட்டத்துக்கு முந்தின ராத்திரி அது அந்த அம்மா கைக்கு வந்தால் அவர் எதைப் படித்து எதைக் கேட்பார்? அப்படியும் அன்றைக்குச் சிறுபாலத்தைப் பற்றிக் கேட்டவர் ஒரு பெண்தான், தன் சொந்த முயற்சியில் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலைப் பார்த்த மற்றவர்கள் அடுத்த முறை வாய் திறப்பார்களா?

அப்புறம் பகுதி சபை. கிராமத்துக்கு கிராம சபை இருப்பதுபோல ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று பல வருடம் கேட்டு, 2022-ல் வார்டு அளவில் கூடும் வார்டு குழு, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. அரசியல் சட்டம் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. 2011 கணக்கெடுப்பில் கடலூரே 1.73 லட்சம்தான், எங்கள் ஊரெல்லாம் எந்த மூலைக்கு? அதனால் மாநில விதியே எங்களுக்குக் கிடைத்த ஒரே வாசல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதல் கூட்டத்துக்கு ஆசையாகப் போனோம். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, சாக்கடை அடைப்பு என்று ஆளுக்கொரு மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் பழைய மனு என்ன ஆனது என்று வாசிக்கவே இல்லை, திரும்பவும் புது மனு வாங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த கூட்டங்களுக்கு ஆள் குறைந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. மன்றத்துக்கு வரப்போகிற வேலைகளின் பட்டியலை முதலில் அங்கே வைத்து, எது முன்னால் எது பின்னால் என்று கேட்டிருந்தால், பள்ளிக்கூடத்துப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்பதை அங்கே குடியிருக்கிற யாராவது ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். சொத்து வரியை உயர்த்தினபோது மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2022 ஏப்ரலில் 600 சதுர அடி வீட்டுக்கும் 25 சதவீதம், பெரிய வீடுகளுக்கு அதற்கு மேலும் என்று அறிவிப்பு வந்து, மன்றத்தில் தீர்மானம் வைத்து, நோட்டீஸ் வீட்டு வாசலுக்கே வந்தது. வரிக்குத் தெரிந்த வழி செலவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

மன்றத் தலைவரிடமும் ஆணையரிடமும் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. முன் அனுமதியில் செய்த வேலைகளை அஜெண்டாவில் தனியாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன அவசரம் என்று ஒரு வரி எழுதுங்கள், காரணம் எழுத முடியாத வேலையை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அஜெண்டாவை ஒரு வாரம் முன்பே உறுப்பினரின் கையில், அவர் பெயருக்கே கொடுங்கள். அதே தாளின் ஒரு நகலை நகராட்சி வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு யாரும் மனுப் போட்டுக் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது, முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுகிறவர்களுக்குச் சொல்லச் சொல்கிறது, ஆக இதை யாரும் சலுகையாகச் செய்ய வேண்டியதில்லை. எதிர்த்துப் பேசியவர் என்ன சொன்னார் என்பதும் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்கே சாட்சி இல்லாமல் போகிறது.

இந்த மன்றங்களின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. புதிதாக வருகிறவர்கள் பழைய பழக்கத்தைத்தான் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், அதனால் இருக்கிறவர்களே மாற்றிவிட்டுப் போனால் நல்லது.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநடப்புப் படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்திலேயே அன்றைய தீர்மானங்களில் பெரிய தொகை உள்ள ஐந்தையாவது வார்டு எண்ணோடு அச்சிடுங்கள். எங்கள் தெருவில் டீக்கடையில் உங்கள் பேப்பரைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள், தொகையைப் பார்த்துவிட்டு வேலையை நேரில் போய்ப் பார்க்க இங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் மாவட்டம்.