நூலகச் சுவரைப் பிள்ளைகளுக்கே திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஊராட்சித் தலைவர் அவர்களுக்கும், கோயில் விழாக் குழுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மாசி மஞ்சுவிரட்டில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடந்த வம்பை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அமைதிப் பேச்சுக்கு உட்கார்ந்தவர்கள் நீங்கள், எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் தனித்தனி வரிசையாக உட்கார ஆரம்பித்தார்களே, அதுவும் தெரியும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நாங்கள் ஏழு பேர் சனிக்கிழமைதோறும் கலையரங்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லத் தொடங்கினோம். முதல் வாரம் சாவியை நீங்களேதான் கொடுத்தீர்கள். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் படம் வரைந்த நூலகச் சுவருக்குப் போன செவ்வாய்க்கிழமை வெள்ளையடித்துவிட்டீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று உங்களில் எத்தனை பேர் நின்று பார்த்தீர்களோ, அதனால் சொல்லிவிடுகிறேன். ஓரடிக்கு ஓரடி, மொத்தம் 48 கட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை அப்படியே நிமிர்த்தி வைத்த மாதிரி. யோசனை எங்களுடையது அல்ல, கல் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன் சொன்னது. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும்போது மூலை கொஞ்சம் பிசகினாலும் தரையில் பூ ஒன்றுசேராதாம். தனிக் கல்லின் மூலையில் கால் பூதான் இருக்கும், நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ. அதைப் பிடித்துக்கொண்டோம். சீட்டுக் குலுக்கிக் கட்டம் பிரித்தோம். மேலத்தெருப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே கீழத்தெருப் பிள்ளை வந்தது.

கட்டத்துக்கு நடுவில் அவரவர் வீட்டுக் கதை. 1942-ல் குண்டு விழுந்த பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த பூட்டனாரை ஒருவன் வரைந்தான். திண்ணையில் உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் முடைகிற அப்பத்தாவை ஒருத்தி வரைந்தாள். அதெல்லாம் அவரவர் இஷ்டம். மூலைப் பூவுக்கு மட்டும் பக்கத்துக் கட்டத்துப் பிள்ளையைக் கேட்டே ஆகவேண்டும். மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பையன்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது, “உன் பச்சை எந்தப் பச்சைடா?” என்பதுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

புதன்கிழமை காலை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டாள். விரலால் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அக்கா, என் கல்லக் காணமே” என்றாள். அவள் கட்டம் கீழிருந்து இரண்டாவது வரிசையில் கடைசி. சரியாக அந்த இடத்தைத்தான் சுரண்டியிருந்தாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளை, சுவரில் ஒரு பொட்டளவு மஞ்சள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

விழாவுக்கு ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். சரி. வியாழக்கிழமையே அதே சுவரில் கட்டுக்கம்பி விளம்பரம் எப்படி வந்தது? அதற்கு அனுமதி கொடுத்தது யார்?

அப்புறம் கலையரங்கச் சாவி. மூன்று வாரமாகக் கேட்கிறோம். மூன்று மனு கொடுத்துவிட்டோம். “பிள்ளைகள் கூடினால் வம்பு வரும், பெரியவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதுதான் பதில். ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். இந்த ஊரில் வம்பு வந்தது கதை கேட்கக் கூடிய இடத்திலா? 2023-ல் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையனை வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அதற்குப் பிறகுதான் அரசு குழு போட்டது, சாதி நிறத்தில் கையில் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று அந்தக் குழு 2024-ல் அறிக்கையும் கொடுத்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒருநாள் காலையில் நின்று பாருங்கள், எத்தனை கையில் கயிறு இருக்கிறது என்று. அதை அவிழ்க்கச் சொல்லி யாரும் வரவில்லை. தூரிகை பிடித்த கையைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

தூரத்துக்குப் போக வேண்டாம். வடம் பிடிப்பதில் சாதித் தகராறு கண்ட கண்டதேவித் தேர், 2006-க்குப் பிறகு நின்றுபோய் மறுபடி ஓட 2024 ஆகிவிட்டது, அதுவும் போலீஸ் காவலோடு. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தத் தேர் ஓடிப் பார்க்காமலே வளர்ந்தார்கள். 1982-ல் மண்டைக்காட்டில் கலவரம் வந்தபோது குன்றக்குடி அடிகளார் நேரில் போய் இந்து, கிறிஸ்தவர் என்று இரு பக்கத்து மக்களிடமும் சமாதானம் பேசினார், அவர் நம் பக்கத்து மடத்துக்காரர். சிராவயலில் ஆசிரமம் நடத்திய, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவைத் தேடிக் காந்தியடிகள் 1927-ல் வந்தபோது ஜீவாவுக்கு இருபது வயதுதான். இளவட்டம் எதற்கு இதில் தலையிடுகிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஐ.நா. பாதுகாப்பு அவையே 2015 டிசம்பரில் 2250-ஆம் தீர்மானத்தில், சமாதான வேலையில் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. எங்கள் ஏழு பேரில் மூத்தவருக்கு வயது 26.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இரண்டே இரண்டு. நூலகச் சுவரைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழு வரை கலையரங்கச் சாவியைத் தாருங்கள். பெயின்ட் செலவு உங்களுக்கு வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்களில் ஒருவர் கூடவே உட்கார்ந்து கவனிப்பதானாலும் சந்தோஷம்தான். சின்ன வயதில் நீங்கள் கேட்ட கதை ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, 48 கட்டத்தையும் திரும்ப வரைய அது போதும். சீட்டை மறுபடி குலுக்க வேண்டியதில்லை, யாருக்குப் பக்கத்தில் யார் என்று பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கலையரங்க வாசலில் காத்திருப்போம். தயவுசெய்து சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

பணிவுடன்,
சனிக்கிழமைக் கதை சொல்கிறவர்களில் ஒருத்தி