பொத்தான் கேட்கிறது, சாவி பதில் சொல்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சாவியைத் திருகாமல் பொத்தானை அழுத்தியே காரைக் கிளப்பும் வசதி பரவிவிட்ட போதிலும், இன்ஜினை இயக்குவது அந்தப் பொத்தான்தான் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பொத்தான் விண்ணப்பம் வைக்கிறது. அனுமதி தருவது சட்டைப்பையில் கிடக்கும் சாவி. பிரேக்கை மிதித்தபடி பொத்தானை அழுத்தியதும், காருக்குள் பதித்துள்ள ஆன்டெனாக்கள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், சிறிது தூரமே எட்டும் சமிக்ஞையால் சாவியை எழுப்பி, ஒவ்வொரு முறையும் மாறும் ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்புகின்றன. சாவி தன்னுள் இருக்கும் ரகசியக் குறியீட்டைக் கொண்டு விடையைக் கணக்கிட்டு, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்புகிறது. விடை பொருந்தினால்தான், திருட்டைத் தடுக்க இன்ஜினைக் கிளம்பவிடாமல் வைத்திருக்கும் மின்னணுப் பூட்டான இம்மொபிலைசர் வழிவிடும்.

ஒருநாள் என் காரின் திரையில் ‘சாவி இல்லை’ என்று வந்தது. சாவியோ கையில்தான் இருந்தது. தீர்ந்திருந்தது அதனுள் இருந்த காசு வடிவ பேட்டரி. கையேட்டைப் புரட்டிவிட்டு (அதுவரை பிரித்ததே இல்லை), சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினேன், கிளம்பிவிட்டது. பொத்தானைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்தே மின்சாரம் பெறும் சிப் ஒன்று சாவிக்குள் இருக்கிறதாம்.

எனக்குள்ள குறை வேறு. ஓடும் காரிலிருந்து சாவியோடு இறங்கிப் போனால், பல கார்கள் ஒலியெழுப்பி எச்சரிக்குமே தவிர, இன்ஜினை நிறுத்துவதில்லை. சத்தமே கேட்காத இன்ஜின் வீட்டை ஒட்டிய மூடிய கார் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருந்தால், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகுந்து உயிரையே பறிக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாக நிற்கும் ஏற்பாட்டை எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்