நம் கரைக்காரர் தொட்டுப் பார்க்காத இன்ஜினுக்கு முன்பணம் வேண்டாம்

கடலூர் கடற்கரை மீனவ ஊர்களின் தலைவர்களான நாட்டார்களுக்கும் பஞ்சாயத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி, சோனாங்குப்பம், ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை மற்றும் இந்தக் கரையில் உள்ள எல்லா ஊர்களின் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். போனில் விளம்பரம் பார்த்து இன்ஜினும் ஃபைபர் படகும் ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ கருவியும் வாங்கப் போய் நம் ஆட்கள் பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். அதைப் பற்றி உங்கள் முன்னால் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். போலீஸ் நோட்டீஸ் ஒட்டுகிறது. வங்கி எச்சரிக்கை எஸ்எம்எஸ் அனுப்புகிறது. ஆனாலும் இதைத் தடுக்கும் பலம் இவர்கள் எல்லோரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் என்று நம்புகிறேன்.

நம் தொழிலே முன்பணத்தில் ஓடுவது. வியாபாரி படகுக்காரருக்குக் கொடுக்கிறார், படகுக்காரர் தொழிலுக்கு வருகிற ஆளுக்குக் கொடுக்கிறார். பாதிக்கு மேல் பேப்பரே கிடையாது, வாய் வார்த்தைதான். அந்த வார்த்தை நிற்கிறதென்றால், சொன்னவருக்குப் பின்னால் ஒரு குடும்பமும் ஊரும் பஞ்சாயத்தும் நிற்பதால்தான். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் வலை தருவதாகச் சொல்லிக் கையை விரித்தால், இங்கிருந்து நாலு பேர் போய் அவர் ஊர் நாட்டாரிடம் நியாயம் கேட்கலாம். போனில் பேசுகிறவனுக்குப் பின்னால் ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நம் ஆட்கள் பழகின பழக்கத்தில் அவனுக்கும் அதே மாதிரி முன்பணம் போட்டுவிடுகிறார்கள். படிப்பு இல்லாததால் ஏமாறுகிறார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிப்ளமோ முடித்த பையன்களும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். நம்பிக் கொடுத்து நம்பி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். திருடன் கை வைப்பது அந்த நம்பிக்கையில்தான்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற பழைய அவுட்போர்டு இன்ஜின், ரெண்டு சிலிண்டர், விலை 85,000 ரூபாய் என்று போனில் விளம்பரம். அடிமாட்டு விலை என்றால் சந்தேகம் வந்திருக்கும். இது சந்தை விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. விற்கிறவன் தன்னைக் கடலோரக் காவல் படையில் வேலை பார்ப்பவன் என்றான். விசாகப்பட்டினத்திலிருந்து மாற்றலாகிப் போவதால் அவசரமாக விற்பதாகச் சொல்லி, அடையாள அட்டை, ஆதார் எல்லாம் படம் எடுத்து அனுப்பினான். டோக்கனாக 5,000 கேட்டான், போட்டாயிற்று. பேக்கிங், லாரி வாடகை என்று 12,000. பில் போட வரி 15,300, அது பொருள் வந்ததும் திரும்பக் கிடைக்குமாம். லாரி ரசீது படம் வந்தது. மறுநாள் டிரைவர் என்று ஒருவன் பேசினான், செக்போஸ்டில் வண்டி நிற்கிறது, மீதியை முழுசாகப் போட்டால்தான் விடுவார்கள் என்று. போட்ட காசு போய்விடக் கூடாதே என்று இவனும் மேலே மேலே போட்டான். மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணம் அது.

அவன் என்னிடம் வந்தது புகார் சொல்ல இல்லை. வரப்போகிற இன்ஜினுக்கு எந்த அளவு புரொபெல்லர் வாங்கி வைக்கட்டும் என்று கேட்க வந்தான். படங்களைக் காட்டினான். முதல் படத்தில் கையால் திருப்பி ஓட்டுகிற நீட்டுக் கைப்பிடி இருந்தது. இரண்டாவது படத்தில் கைப்பிடியே இல்லை, ஸ்டியரிங் கேபிள் மாட்டியிருந்தது. இரண்டும் ஒரே இன்ஜின் என்று சொல்லி அனுப்பியவை. படகின் பின்பலகையில் மாட்டும் கிளாம்ப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில்தான் மாடலும் வரிசை எண்ணும் பொறித்திருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தை மட்டும் விரலால் தேய்த்து அழித்த மாதிரி மங்கலாக்கி வைத்திருந்தான். முதல் ஐயாயிரம் போகும் முன் இன்ஜின் தெரிந்த யாராவது இந்த இரண்டு படத்தையும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும்.

அதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன். விற்கிறவனைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி நம்மிடமே இருக்கிறது: எந்த ஊர், உங்கள் நாட்டார் யார்? கடலில் தொழில் செய்கிற யாரும் இதற்குத் தடுமாற மாட்டார்கள். காசிமேடோ காரைக்காலோ தூத்துக்குடியோ, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை நம் ஊர்ப் பெரியவர் யாருக்காவது தெரிந்திருக்கும். பஞ்சாயத்திலிருந்து பஞ்சாயத்துக்கு ஒரு போன் போட்டால் ஆள் உண்டா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மொழி வேறு, மாநிலம் வேறு என்றாலும் வழி இருக்கிறது. நம் பிள்ளைகள் கொச்சியிலும் மங்களூரிலும் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவர் பஸ் ஏறிப் போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டும். அவருக்கு வழிச்செலவும் ஒரு நாள் கூலியும் வாங்குகிறவர் கொடுக்கட்டும். போய்விட்ட பணத்தோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

போகிறவர் செய்ய வேண்டியதும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தகட்டில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாமல் சும்மா ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் கூடாது, உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஓடும்போது பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். படகென்றால் பதிவுச் சான்றும் படகில் எழுதியிருக்கும் எண்ணும் பொருந்துகிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு.

வீடியோ காலில் காட்டுகிறேன் என்பான். காட்டட்டும், பார்க்கலாம். ஆனால் அதை நம்பிப் பணம் போடக் கூடாது. அவன் காட்டும் இன்ஜின் வேறொருவருடையதாக இருக்கலாம்.

பணம் கொடுக்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் இங்கேதான். கையில காசு வாயில தோசை என்று நம் பாட்டிகள் சொன்னதுதான் சட்டம். இன்ஜின் ஓடி முடித்து வண்டியில் ஏறும் நேரத்தில், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பணத்தை அனுப்ப வேண்டும். ரொக்கம் வேண்டாம். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. அவ்வளவு பணத்தைக் கட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவதும் ஆபத்து. வங்கி வழியாக அனுப்புங்கள். 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் போகும் முன்பே கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. கிளைக்குப் போய் அனுப்பினாலும் கேட்கலாம். அங்கே தெரியும் பேரும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேரும் வேறாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மச்சான் கணக்கு, ஆபீஸ் கணக்கு, முதலாளி கணக்கு என்று ஆயிரம் காரணம் வரும். எதையும் கேட்க வேண்டாம்.

யூபிஐயில் சாதாரணமாக ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். வரம்பு முடிந்துவிட்டதா, வீட்டம்மா போனிலிருந்து போடுங்கள், தம்பி போனிலிருந்து போடுங்கள் என்று ஒருவன் அவசரப்படுத்தினால் அவன் திருடன், சந்தேகமே வேண்டாம். ரீஃபண்ட் தருகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்பதும் அதே ரகம். பணம் நமக்கு வர ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண்ணைப் போட்டால் காசு நம்மிடமிருந்து போகிறது.

கடை, கம்பெனி என்று சொல்லி ஜிஎஸ்டி பில் அனுப்புகிறவர்களும் உண்டு. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து இருக்கும். முதல் இரண்டும் மாநிலத்தைக் காட்டும்: 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி, 32 கேரளம், 37 ஆந்திரம். கொச்சிக் கடை என்று சொல்லி 37-ல் தொடங்கும் எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யார் பேரில் பதிவு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சரியாக இருந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது, நல்ல கடையின் எண்ணைத் திருடிப் போலி பில் அடிக்கிறார்கள். பில்லில் உள்ள போன் நம்பரைக் கூப்பிட்டால் திருடன்தான் எடுப்பான். அந்த ஊரில் இருக்கும் நம் ஆள் கடை வாசலில் போய் நின்று கேட்பதே நிஜம்.

இவ்வளவும் மீறிப் பணம் போய்விட்டால் என்ன செய்வது? இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போட வேண்டும். ராத்திரியானாலும் சரி, கடலூரிலிருந்தும் கூப்பிடலாம், புதுச்சேரியிலிருந்தும் கூப்பிடலாம். எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்குக்குப் போனது, பரிவர்த்தனை எண் என்ன, இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் முடியும். அவர்கள் வங்கிக்குச் சொல்லி, போய்ச் சேர்ந்த கணக்கில் அந்தத் தொகையை நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். திருடன் அதற்குள் அதை நாலு கணக்குக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடப் பார்ப்பான். முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. நான் சொன்ன தம்பி, ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு நாலாம் நாள் போய்ப் புகார் கொடுத்தான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. எல்லாக் கணக்கும் காலி.

ரிசர்வ் வங்கி விதிப்படி மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கியே பணம் கொடுத்துவிடும் என்று ஒரு பேச்சு நம் பக்கம் சுற்றுகிறது. 2017-ல் வந்த அந்த விதி, நமக்குத் தெரியாமல் யாரோ நம் கணக்கிலிருந்து எடுத்த பணத்துக்கு. நாமே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இன்னொன்று, பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று பிறகு ஒருவன் கூப்பிடுவான். அவனும் அந்தக் கூட்டம்தான்.

ஆகவே அடுத்த ஊர்க் கூட்டத்தில் நீங்கள் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏமாந்தவரை யாரும் கேலி செய்யக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். வெட்கம் போனால்தான் முதல் மணி நேரத்திலேயே போன் போகும். ஊருக்கு ஒருவரை, போனும் வங்கியும் தெரிந்த பெண்ணோ பையனோ, இதற்கென்று நியமியுங்கள். வெளியூரில் இன்ஜின், படகு வாங்குகிற எவரும் முன்பணம் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். மகளிர் சுயஉதவிக் குழு நடத்தும் அக்காமாரைக் கூட்டத்துக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். பணத்தில் பாதி குழுக் கடனாகவும் அவர்கள் கழுத்து நகையாகவும்தான் போகிறது. அவர்கள் கேள்வி கேட்டால் பல பேரம் அங்கேயே நின்றுவிடும்.

வாலிபப் பையன்களிடமும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாசம் கமிஷன் தருகிறேன் என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். திருட்டுப் பணம் சுற்றுவது அந்த மாதிரிக் கணக்குகளில்தான். நம் அண்ணன் தம்பி பறிகொடுத்த பணம் நம் பக்கத்து வீட்டுப் பையன் கணக்கு வழியாகப் போகலாம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவன் வீட்டு வாசலில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் கரை ஏறி, இன்ஜின் வேலையும் வாங்கல் விற்பனையும் மும்முரமாக நடக்கிறது. அதற்கு முன்பே இந்த ஏற்பாடு நடப்புக்கு வந்தால் நல்லது. கோயில் மைக்கில் 1930 என்ற எண்ணை நாலு தரம் சொல்லச் சொல்லுங்கள். எந்த ஊர்க்காரர் இன்ஜின் படத்தைக் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்ல நான் தயார், காசு வாங்க மாட்டேன். என்னைப் போல இந்தக் கரையில் வேலை பார்க்கிற மற்ற மெக்கானிக்குகளிடமும் பேசியிருக்கிறேன், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். எந்த ஊரில் எப்போது கூட்டம் என்று சொல்லி அனுப்புங்கள், பட்டறையை மூடிவிட்டு வந்து நேரில் விளக்குகிறேன்.

இப்படிக்கு,
முதுநகர் இன்ஜின் மெக்கானிக் ஒருவன்