ஓடிபி யார் கைக்குப் போகிறது? செயலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் பிள்ளைகள் பயன்படுத்தும் விளையாட்டு, பாட, காணொளி, அரட்டைச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களின் தனியுரிமை அலுவலர்களுக்கும், அவற்றில் கணக்குத் திறக்கும் திரைகளை வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 9-ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவரின் தரவைத் தொடுவதற்கு முன் பெற்றோரிடமோ சட்டப்படியான பாதுகாவலரிடமோ சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் அதற்கு 18 மாத அவகாசம் தந்தன. கணக்குப் போட்டால் 2027 மே. தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. இதெல்லாம் உங்கள் சட்டப் பிரிவுக்கு மனப்பாடம். ஒப்புதல் கேட்டு அனுப்பும் ஓடிபி வீட்டில் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரே செல்போனை அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள் இங்கே ஏராளம். பிள்ளை செயலியைத் திறக்கிறது. பெற்றோரின் எண்ணைக் கேட்கிறது திரை. அம்மாவின் எண் அதே போனில்தான் இருக்கிறது. குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வருகிறது. பல செயலிகளில் அதைப் பார்த்துத் தட்டும் வேலைகூட இல்லை. செயலியே எடுத்து நிரப்பிக்கொள்கிறது. ‘உங்கள் ஒப்புதலுக்கு நன்றி.’ அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குச் சேதியே தெரியாது. உங்கள் பதிவேட்டிலோ சரிபார்த்த ஒப்புதல் என்று ஏறிவிடும். முறையாக ஒப்புதல் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. இந்தப் பதிவேட்டை வைத்து எதை நிரூபிப்பீர்கள்?

இதற்கு முன்னால் திரைகளின் வரிசையைப் பாருங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எண், பெயர், படம், தொடர்புப் பட்டியல் எல்லாம் வாங்கிய பிறகு வயதைக் கேட்பது தலைகீழ். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கணக்கில் வேறு மாதிரித் தலைகீழ் நடந்தது. 13 வயதுக்குக் கீழே என்று பிள்ளை சொன்ன பிறகும் தொலைபேசி எண் கேட்டது மைக்ரோசாஃப்ட். பெற்றோரை வரச் சொன்னது அதற்குப் பிறகுதான். பெற்றோர் பாதியில் விட்டுவிட்ட கணக்குகளின் தரவும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. 2023-இல் அமெரிக்காவில் 2 கோடி டாலர் அபராதம் கட்டியதோடு, ஒப்புதல் கிடைக்காத பிள்ளையின் தரவை இரண்டு வாரத்துக்குள் அழிக்கவும் அது ஒத்துக்கொண்டது. அந்த இரண்டு வாரத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

ஆகவே முதல் திரையில் பிறந்த தேதி. அதுவும் சாயாமல் கேட்க வேண்டும். ‘18 வயது ஆகிவிட்டதா? ஆம்/இல்லை’ என்று கேட்டால் எந்தப் பிள்ளை ‘இல்லை’யைத் தொடும்? ஆண்டுச் சக்கரத்தை 2000-இல் நிறுத்திவைப்பதும் அதே தந்திரம்தான், விரல் படாமலே பெரியவராகிவிடலாம். கட்டம் காலியாக இருக்கட்டும். எந்த வயதுக்கு எந்த வழி திறக்கும் என்ற குறிப்பு அந்தத் திரையில் வேண்டாம். ‘பின்செல்’ அமுக்கி ஆண்டை மாற்றி மறுபடி நுழைந்தால் முதல் விடையே நிற்க வேண்டும். செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் இது உடையும் என்பது தெரியும், ஆனாலும் ஓரளவாவது தடுக்கும் வேலை இது.

இனி ஒப்புதல். விதிகளின் 10-ஆம் விதி இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று, பெற்றோர் ஏற்கெனவே உங்களிடம் கணக்கு வைத்திருந்து, அவருடைய அடையாளமும் வயதும் நம்பத்தக்க வகையில் உங்களிடம் இருப்பது. மற்றது, அவராக முன்வந்து தரும் விவரம், அல்லது அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற அமைப்பு தரும் மெய்நிகர் டோக்கன், அதாவது அவருடைய அடையாளத்துக்கும் வயதுக்கும் சான்றான மின்குறி. டோக்கனே நல்லது என்பது எங்கள் கருத்து. டிஜிலாக்கரில் ஓடிபியோடு ஆறு இலக்கப் பின் எண்ணும் உண்டு. குறைந்தபட்சம் அந்தப் பின் எண் போனுக்குள் குறுஞ்செய்தியாக வந்து விழாது. டோக்கனிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ‘இவர் 18 தாண்டியவர்’ என்ற ஒரே விடைதான். ஆதார் அட்டையைப் படமெடுத்து ஏற்றச் சொல்லும் திரைகளைத் தயவுசெய்து கைவிடுங்கள். பிள்ளையின் தனியுரிமையைக் காக்க அப்பாவின் ஆதாரைச் சேர்த்துவைப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

டோக்கனும் முழு விடையாகாது. விதி சரிபார்க்கச் சொல்வது ஒப்புதல் தருபவர் வயதுவந்தவரா என்பதை. அவர் இந்தப் பிள்ளையின் அம்மாவா அப்பாவா என்பதைச் சரிபார்க்க அதில் வழியில்லை. பத்தொன்பது வயது ஒன்றுவிட்ட அண்ணனும், விளையாட்டில் அறிமுகமான யாரோ ஒருவரும் இந்தக் கதவைத் தாண்டிவிடலாம். கற்பனைப் பயம் என்று ஒதுக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் டிக்டாக்குக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 34.5 கோடி யூரோ அபராதம் விதித்தபோது சுட்டிய குறைகளில் ஒன்று இதுதான்: பெற்றோர் என்று சரிபார்க்கப்படாத பெரியவர் ஒருவர் பிள்ளையின் கணக்கோடு தன் கணக்கை இணைத்துக்கொள்ள முடிந்தது. அப்படி இணைந்தவர், 16 வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தனிச்செய்தி வசதியையும் திறந்துவிட முடிந்தது.

நாங்கள் சொல்லும் வழி எளியது, செலவும் அதிகமில்லை. ஒப்புதல் வந்த உடனே கணக்கை முழுதாகத் திறக்காதீர்கள். அடுத்த வேலைநாளில், பகல் 11 மணி வாக்கில், அதே எண்ணுக்கு இரண்டாவது செய்தி அனுப்புங்கள். பதில் அப்போது வர வேண்டும், அந்த இணைப்பு மாலை 3 மணிக்குள் காலாவதியாக வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியில், போன் பெரியவரிடம். கோடை விடுமுறையில் இது பலிக்காது, அதனால் ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும் கணக்குகளுக்கு ஜூனில் ஒருமுறை மறுபடி கேளுங்கள். ஒப்புதல் கேட்ட கருவியும் தந்த கருவியும் ஒன்றாக இருந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றால், அதைச் சரிபார்க்காத ஒப்புதலாகவே எழுதிவையுங்கள். ஓடிபி தானாக நிரம்பும் வசதியை இந்த ஒரு திரையில் மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஒப்புதல் வாங்கிவிட்டால் எல்லாம் செய்யலாம் என்ற நினைப்பு உங்கள் கொள்கை ஆவணங்கள் பலவற்றில் தெரிகிறது. ‘பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைக்கு ஏற்ற விளம்பரம் காட்டுவோம்’ என்று எழுதுவது வீண். 9-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு பிள்ளைகளைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அம்மா சரி என்றாலும் அது தடைதான். அரசு விலக்கு தந்திருக்கும் இடங்கள் சிலவே: மருத்துவமனை, பள்ளி, காப்பகம், பள்ளி வாகனம் போன்றவை, அதுவும் அந்தந்தத் தேவையின் அளவுக்கு. பள்ளிக்கான விலக்கைக் காட்டிப் பாடச் செயலியில் விளம்பரம் விற்க முடியாது.

இதில் தவறு பெரும்பாலும் வேண்டுமென்றே நடப்பதில்லை, எஸ்டிகே (வேறு நிறுவனம் எழுதித் தர, செயலியில் சேர்க்கும் நிரல் தொகுப்பு) வழியாக நுழைகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் விளம்பர அடையாள எண்ணைப் படிக்க ஏடி_ஐடி என்ற அனுமதி, செயலி கேட்கும் அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பில் இருக்க வேண்டும். உங்கள் பொறியாளர் அதை எழுதியிருக்க மாட்டார். ஆனால் எண்ணிக்கை பார்க்கவோ விளம்பரத்துக்கோ சேர்த்த எஸ்டிகே தன் மேனிஃபெஸ்டில் அதை வைத்திருக்கும். செயலியைக் கட்டும்போது இரண்டும் கலந்து அனுமதி தானாக ஏறிவிடும். கட்டி முடித்த கோப்பைப் பிரித்துப் பாருங்கள், இருந்தால் நீக்கும் கட்டளையை உங்கள் மேனிஃபெஸ்டில் சேருங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமேயான செயலிகள் இந்த எண்ணையும் ஐஎம்இஐ, மேக் முகவரி போன்ற கருவி அடையாள எண்களையும் அனுப்பக் கூடாது என்பது கூகுள் பிளேயின் விதியும்கூட. எஸ்டிகே புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் சோதிக்க வேண்டும், ஒருமுறை நீக்கியதோடு வேலை தீராது.

மொழிக்கு வருவோம். அறிவிப்பையும் ஒப்புதல் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அதில் ஒன்று. ‘மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படக்கூடும்’ என்று இயந்திரம் பெயர்த்துத் தந்த வரி தமிழ் எழுத்தில் இருக்கிறது, அவ்வளவே. ‘உங்கள் பிள்ளை விளையாடும்போது பேசும் குரலை 30 நாள் வைத்திருப்போம். பிறகு அழித்துவிடுவோம். வேறு எந்தக் கம்பெனிக்கும் தரமாட்டோம்’ என்று எழுதுங்கள். எழுதிய மாதிரியே செய்யவும் வேண்டியிருக்கும். நல்ல தமிழில் எழுதத் தயங்குவதற்கு அதுதான் காரணமோ என்று சில சமயம் தோன்றுகிறது. படிக்க வராதவர்களுக்காக அதையே ஒலியாகவும் வையுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் தந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பது 6-ஆம் பிரிவு. இரண்டு தட்டலில் வாங்கினீர்கள் என்றால் இரண்டு தட்டலில் விட வேண்டும். மின்னஞ்சல் எழுதச் சொல்லக் கூடாது. அழிப்பது என்றால் எங்கெங்கே? அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சா மீதான அமெரிக்க வழக்கு இதற்குப் பாடம். பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் பிள்ளைகளின் பேச்சின் எழுத்து வடிவம் சில தரவுத்தளங்களில் இருந்தது, 2023-இல் 2.5 கோடி டாலர் கட்டினார்கள். ஒலி, அதன் எழுத்து வடிவம், காப்புப் பிரதி, எஸ்டிகே நிறுவனத்திடம் போன படி: இந்த நான்குக்கும் அழிப்புக் கட்டளை போகிறதா என்று பாருங்கள்.

13 என்ற எண்ணையும் மறந்துவிடுங்கள். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய எண் அது. இங்கே 18. நீட் தேர்வுக்குப் படிக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் எட்டு வயதுப் பையனுக்கும் ஒரே ஒப்புதல் திரை என்பது சட்டத்தில் உள்ள முரட்டுத்தனம், அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதைத் தணிக்க உங்களால் முடியும்: பெயரும் எண்ணும் இல்லாமலே பாடத்தைப் பார்க்க விடுங்கள். தரவே வாங்காத இடத்தில் ஒப்புதலும் தேவைப்படாது. பெற்றோர் வளைகுடாவில் இருக்க, பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கும் அதுதான் வழி. பாட்டி சட்டப்படியான பாதுகாவலர் இல்லை. பெற்றோரின் வெளிநாட்டு எண்ணை உங்கள் படிவங்கள் பல ஏற்பதில்லை. +91 அல்லாத எண்ணையும் ஏற்கும்படி அந்தக் கட்டத்தைத் திருத்துங்கள்.

2027 மே வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு சோதனை செய்யலாம். ஒரு செல்போன், ஒரே சிம். 2014-இல் பிறந்ததாகச் சொல்லி உங்கள் செயலியில் கணக்குத் திறங்கள். எந்தத் திரையிலும் இன்னொரு கருவியைத் தொடாதீர்கள், யாரையும் கூப்பிடாதீர்கள். எத்தனை நிமிடத்தில் உள்ளே போனீர்கள், அதற்குள் எந்தெந்த முகவரிகளுக்குத் தரவு போனது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை உங்கள் தனியுரிமைக் கொள்கையின் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணக்குத் திறக்கும் திரைகளையும் தனியுரிமைக் கொள்கைகளையும் சோதித்துவரும் சிலர்