வாட்ஸ்அப்பில் வரும் தானியங்கிப் பதில்கள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்பனையும் சர்வீஸும் செய்துவரும் எங்கள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு நீங்கள் அனுப்பும் செய்திகளுக்கு, வரும் திங்கட்கிழமை முதல் சாட்பாட் எனப்படும், தானாகப் பதில் எழுதும் கணினி நிரல் முதற்பதிலை அனுப்பும். எண் மாறவில்லை, நீங்கள் புதிதாக எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், உங்கள் செய்தியை இனி முதலில் படிப்பது ஒரு நிரல் என்பதால், அது எப்படி இயங்குகிறது என்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்வது எங்கள் கடமை எனக் கருதி இம்மடலை எழுதுகிறோம்.

எங்களுக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை, "சர்வீஸுக்குக் கொடுத்த கிரைண்டர் தயாராகிவிட்டதா?" என்ற ஒரே கேள்விதான். இரவு ஒன்பது மணிக்கு வரும் கேள்விக்கு மறுநாள் கடை திறந்த பிறகே பதில் அனுப்பி வந்தோம். பதில் கிடைக்காத நிலையில் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா ஒருவர், கல் கொத்தும் வேலை முடியாமல் டிரம் கழற்றிய நிலையில் கிடந்த தம் கிரைண்டரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அந்த அலைச்சலுக்கு நாங்களே காரணம். அன்றுதான் இந்த ஏற்பாட்டைச் செய்தே தீர வேண்டும் என முடிவெடுத்தோம்.

இதன் அடிப்படை வெப்ஹுக் எனப்படும் முறை. "ஆச்சா?" என்று நாள்தோறும் கடைக்கு வந்து கேட்டுப்போவது ஒரு வழி; போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால், வேலை முடிந்ததும் நாங்களே கூப்பிட்டுச் சொல்வது இன்னொரு வழி. கணினிகளுக்கிடையே இந்த இரண்டாவது வழிக்குப் பெயர்தான் வெப்ஹுக். எங்கள் சர்வரின் முகவரி ஒன்றை வாட்ஸ்அப்பிடம் பதிவு செய்து வைத்திருக்கிறோம். நீங்கள் செய்தி அனுப்பிய உடனே, செய்தியும் அனுப்பியவரின் எண்ணும் நேரமும் அந்த முகவரிக்குத் தாமாகவே வந்து சேர்கின்றன. எங்கள் நிரல் உங்கள் சர்வீஸ் ரசீதிலுள்ள ஜாப் கார்டு எண்ணைச் சர்வீஸ் பதிவேட்டில் தேடி, அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறது. பதிவேட்டில் இல்லாத எதையும் அது தானாக யோசித்துச் சொல்லாது. அந்த வரம்பை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம்.

சோதனை ஓட்டத்தின்போது எங்கள் பக்கம் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறோம். செய்தி எங்கள் சர்வருக்கு வந்ததும், "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு அடையாளமாக 200 என்ற எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது போகாவிட்டால், செய்தி சேரவில்லை என்று கருதி வாட்ஸ்அப் அதையே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 7 நாள் வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். எங்கள் நிரலோ பதிவேட்டைத் தேடி முடித்த பிறகே 200 அனுப்பும்படி முதலில் எழுதப்பட்டிருந்தது. பதிவேடு மெதுவாகத் திறந்த ஒரு நாளில், பெல்ட் ஒன்று கேட்டிருந்த வாடிக்கையாளருக்கு ஒரே பதில் நான்கு முறை போயிற்று. அவர் பெயரில் இரண்டு பெல்ட்டுகள் கட்டி வைக்கப்பட்டன. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இப்போது செய்தி வந்தவுடன் ஏற்பை அனுப்பிவிட்டு, அதன் பின்னரே தேடுகிறோம். ஒவ்வொரு செய்திக்கும் உரிய தனி அடையாள எண்ணையும் குறித்து வைத்துக்கொள்வதால், அதே செய்தி மீண்டும் வந்தால் நிரல் அதை விட்டுவிடும்.

உங்கள் பாதுகாப்பு குறித்தும் ஒரு சொல். சர்வர் முகவரி தெரிந்த எவரும் வாட்ஸ்அப் அனுப்புவதுபோல் பொய்ச் செய்தி அனுப்பிப் பார்க்கலாம். ஆகவே, ஒவ்வொரு செய்தியுடனும் வரும் மறையொப்பத்தை (அது வாட்ஸ்அப்பிடமிருந்தே வந்தது என்பதைக் காட்டும் டிஜிட்டல் முத்திரையை) எங்களிடமுள்ள இரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்டுச் சரிபார்க்கிறோம். பொருந்தாவிட்டால் அச்செய்தி அங்கேயே நிராகரிக்கப்படும். எங்கள் சாட்பாட் ஒருபோதும் ஓடிபி, வங்கி விவரம், யுபிஐ பின் ஆகியவற்றைக் கேட்காது. எங்கள் கடையின் பெயரைச் சொல்லி யாரேனும் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நீங்கள் "வணக்கம்" என்று அனுப்பினாலே மூன்று பொத்தான்கள் வரும்: "சர்வீஸ் நிலவரம்", "உதிரிபாகம்", "ஆளிடம் பேச". கடைசிப் பொத்தானின் சொற்கள் சற்று வெடுக்கென்று இருப்பதாக எங்களுக்கே தோன்றியது. "கடை ஊழியரிடம் பேசுங்கள்" என்றே வைக்க விரும்பினோம். பொத்தானில் 20 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. நம் கண்ணுக்கு அத்தொடர் இடைவெளிகளையும் சேர்த்து 15 எழுத்துதான் என்றாலும், துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைக் கணினி தனித்தனியே எண்ணுவதால் அது 23 ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்தச் சுருக்கம். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

குரல் பதிவு, புகைப்படம், ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழ் ஆகியவற்றை நிரல் புரிந்துகொள்ள முயலாது. அவை நேராக எங்கள் பணியாளரிடம் வந்துவிடும். மோட்டார் உறுமுகிறது, ஆனால் கல் சுற்றவில்லை என்று நீங்கள் எழுதினாலும் அப்படித்தான். அது கெபாசிட்டர் கோளாறாக இருக்கலாம், மாவு இறுகிக் கல் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இயந்திரத்தைப் பார்த்துப் பழகியவர் இரண்டு கேள்வி கேட்காமல் சொல்லக் கூடாத விஷயம் அது. மின்சாரம் சம்பந்தப்பட்ட எதற்கும் நிரல் அனுப்பும் பதில், "பிளக்கை எடுத்துவிடுங்கள், எங்கள் ஆள் பேசுவார்" என்பது மட்டுமே. கடை நேரத்தில் நாங்களே உங்களை அழைப்போம். இரவில் வந்தவற்றுக்கு மறுநாள் காலை முதல் வேலையாக அழைப்போம்.

நீங்கள் கடைசியாகச் செய்தி அனுப்பி 24 மணி நேரம் கடந்துவிட்டால், வாட்ஸ்அப் விதிப்படி, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசக அமைப்பில் மட்டுமே நாங்கள் உங்களுக்கு எழுத முடியும். எனவே, மூன்றாம் நாள் கிரைண்டர் தயாரானதும் வரும் அறிவிப்பு எல்லோருக்கும் ஒரே வாசகமாக, உங்கள் பெயரும் ஜாப் கார்டு எண்ணும் தொகையும் மட்டும் மாறியதாக இருக்கும். அதற்கு நீங்கள் பதில் எழுதினால் மீண்டும் இயல்பாகப் பேசலாம்.

ஜாப் கார்டு எண் உங்களிடமுள்ள சர்வீஸ் ரசீதின் மேல் வலப்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ரசீது தொலைந்திருந்தால், கொடுக்கும்போது பதிவு செய்த அதே போன் எண்ணிலிருந்து செய்தி அனுப்பினால் போதும். வாட்ஸ்அப் பயன்படுத்தாதவர்களுக்காகக் கடையின் தரைவழித் தொலைபேசி முன்போலவே இயங்கும். அதை எடுத்துப் பேசுவது எப்போதும் எங்களில் ஒருவராகவே இருப்பார்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
கோயம்புத்தூர்