பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கல்பாக்கம்
21.03.2011

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இக்கல்வியாண்டு நிறைவை நெருங்கிவிட்டது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா ஆகிய அனைத்தும் சிறப்பாக நடந்தேறின. போட்டிகளில் பரிசு பெற்ற மாணவர்களுக்கு வாழ்த்துகள். ஆண்டுத் தேர்வு அட்டவணை வகுப்பாசிரியர்கள் வழியாக வந்து சேரும்.

மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தில் நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் நேர்ந்த துயரம் நம் ஊரை ஆழமாகப் பாதித்திருப்பதில் வியப்பில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது உறவுகளை இழந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அணுமின் நிலையத்தின் அருகிலேயே வாழும் நாம், அங்குள்ள புகுஷிமா அணுமின் நிலையத்தின் உலைகளில் நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கவலைப்படுவதும் இயல்பே. நில அதிர்வு ஏற்பட்டவுடன் அங்கே இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றுவிட்டன. ஆனால் நின்றுபோன உலையிலும் எரிபொருள் தொடர்ந்து வெப்பத்தை வெளியிடும் என்பதால், அதைத் தணிக்கும் நீரைச் செலுத்த மின்சாரம் தேவை. வெளி மின்சாரம் நின்றுவிட்ட நிலையில், டீசல் ஜெனரேட்டர்களையும் ஆழிப்பேரலை மூழ்கடித்ததே நெருக்கடிக்குக் காரணம். 20 கிலோமீட்டர் சுற்றளவில் மக்கள் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். இதைச் சிறிய விபத்து என்று நான் சொல்ல மாட்டேன்.

எனினும், வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றின் பெயரில் கைப்பேசிகளில் பரவும் குறுஞ்செய்தியைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை. கதிரியக்க மழை ஆசிய நாடுகளில் பெய்யப்போகிறது, மழையில் நனையக் கூடாது, கழுத்தில் பெட்டாடின் (அயோடின் கலந்த புண் மருந்து) தடவ வேண்டும் என்று அது கூறுகிறது. அந்நிறுவனம் அப்படிப்பட்ட செய்தி எதையும் வெளியிடவில்லை. புகுஷிமா நமக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பெட்டாடினைத் தோலில் தடவுவதால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குப் பாதுகாப்பு கிடைக்காது. அயோடின் மாத்திரையோ கதிரியக்க அயோடின் ஒன்றைத் தவிர வேறெதையும் தடுக்காததோடு, தேவையின்றி உட்கொண்டால் குழந்தைகளுக்குத் தீங்கும் விளைவிக்கக்கூடும்.

கடந்த வாரம் வானம் சற்று மூடியிருந்த ஒரே காரணத்துக்காகச் சில பெற்றோர்கள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். அதைக் கண்ட மற்ற குழந்தைகள் அழத் தொடங்கினர். அதைவிட வருந்தத்தக்கது, அணுமின் நிலைய ஊழியர்களின் பிள்ளைகளைச் சக மாணவர்கள் தொடாமல் ஒதுங்கியதும், "உங்கள் அப்பாவால்தான் ஆபத்து" என்று சொன்னதும். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்பேச்சு தானாக வந்திருக்காது. இனி இது நிகழ்ந்தால் பெற்றோரை அழைத்து நேரில் விசாரிப்பேன். தேர்வுக் காலத்தில் எழுத்து மூலமான கோரிக்கையின்றி எந்த மாணவரும் பள்ளி நேரத்தில் வெளியே அனுப்பப்பட மாட்டார். உறுதி செய்யாத செய்தியைப் பிறருக்கு அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு குறித்துக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. அதை நான் தடுக்கவில்லை. 2004இல் இங்கே கடல்நீர் ஏற்றும் நிலையத்தில் வெள்ளம் புகுந்தபோதும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதனாலேயே இனிக் கேள்விகளுக்கு இடமில்லை என்று ஆகிவிடாது. அவற்றை நிலைய அதிகாரிகளிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். பிள்ளைகளின் ஐயங்களுக்கு எங்கள் அறிவியல் ஆசிரியர்கள் நாள்தோறும் பள்ளி முடிந்தபின் பொறுமையாக விளக்கம் அளித்துவருகிறார்கள். பெற்றோர்களும் வந்து கலந்துகொள்ளலாம். புகுஷிமா உலைக் கட்டடங்களின் வெடிப்புக் காட்சிகளைச் சிறு குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்க்காதவாறு வீட்டில் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியக் குழந்தைகளுக்காக நம் மாணவர்கள் தாமாகவே வாழ்த்து அட்டைகள் வரைந்து வருகின்றனர். வண்ணத்தாள்கள் வாங்கித் தந்த பெற்றோர்களுக்கும், பதற்றத்திலும் எங்களை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவரும் உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்