கேன்டீனுக்குப் பக்கத்தில் ஓர் அறை வேண்டும்

தமிழ்நாடு முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்குநர் அவர்களுக்கும், முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகளை நடத்தும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் வேலூர் மாவட்டத்துக்காரி. ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மகள். பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள் வாழும் பகுதி இது என்பதால், நான் எழுதுவது என் வீட்டுக் கதை மட்டுமன்று.

என் அப்பா 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் யாழ்ப்பாணம் சென்றவர். தீபாவளிக்கு முதல் நாள் மாலையே கிணற்றடி மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவை உரக்க வைத்துவிடுவார். 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அங்கே உறவுகளைப் பறிகொடுத்த ஈழத்துக் குடும்பங்களுக்கு இந்த மடல் வேறுவிதமாகப் படும் என்பதை அறிவேன். அதைக் குறை சொல்லவும் மாட்டேன். தம் மொழி பேசும் மக்களிடையே துப்பாக்கியோடு நின்றவர், திரும்பி வந்த ஊரில் அதை யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

பாலிகிளினிக்கில் அவருக்கு ஆண்டுக்கணக்கில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். தூக்கமில்லை என்றால் மாத்திரை எழுதுகிறார்கள். எங்கே பணியாற்றினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மாதாமாதம் இராணுவக் கேன்டீனில் ரம் கோட்டா மட்டும் தவறாமல் கிடைத்துவிடுகிறது. மனத்துக்கென்று அவருக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு கருமாதிக்குக் கர்ண மோட்சம் தெருக்கூத்து வைத்தார்கள். அம்பு பட்ட கர்ணன் அப்படியே சாய்ந்ததைப் பார்த்த அப்பா, "அடிபட்டவன் இப்படி விழமாட்டான், முதலில் உட்காருவான்" என்றார். விடிந்து கட்டியக்காரன் வேடம் கலைக்கும்வரை, தம் பக்கத்தில் அப்படி உட்கார்ந்துபோன நண்பரைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப்பின் நான்கு இரவுகள் அவர் கண் மூடவில்லை. அழைத்துப்போய்க் காட்ட, இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான், பாலிகிளினிக் ஊழியர்களுக்குப் பயிற்சி, வரையவும் பாடவும் ஓர் அறை என்று என் கோரிக்கை இரண்டாக இருந்தாலும், ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்யாதீர்கள் என்று கேட்கிறேன். கூத்தும் ஓவியமும் பூட்டிக் கிடப்பதைத் திறந்துவிடும்; திறந்தபின் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால், திறக்காமல் இருப்பதே மேல். அமெரிக்காவில் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் வீரர்கள் வெற்று முகமூடிகளில் தாம் பட்டதைத் தீட்டுகிறார்கள் என்றால், அந்த மேசையருகே பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரும், அவருக்குப் பின்னால் மருத்துவர் குழுவும் இருக்கிறார்கள்.

ஆகவே பாலிகிளினிக் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், சீட்டு எழுதும் எழுத்தர் ஆகிய எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள்: எங்கே, எந்த ஆண்டில் பணியாற்றினார் என்று கேட்கவும், மனைவியைத் தனியே விசாரிக்கவும், குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்காதிருக்கவும், எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறியவும். கற்பிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, எங்கள் பக்கம் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது.

அடுத்தது, கேன்டீனுக்குப் பக்கத்தில் ஓர் அறை. மனநலப் பிரிவு என்று பலகை மாட்டிய இடத்துக்கு எங்கள் ஊர் சுபேதார்கள் கால் வைக்கமாட்டார்கள். கேன்டீனுக்கு வராமலும் இருக்கமாட்டார்கள். பலகையே வேண்டாம். ஒரு மேசை, காகிதம், வண்ணம், மிருதங்கமும் ஆர்மோனியமும் வைக்க ஒரு மூலை போதும். வந்தவர் வரையலாம், பாடலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் மட்டும் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும்.

அறை கிடைத்தால் வாரத்தில் ஒரு நாள் சம்பளமின்றி வர நானும் எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரும் ஆயத்தமாக இருக்கிறோம். வண்ணங்களை நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்